குளிக்கப் போகிறீர்களா? மேற்கே மேகம் பாருங்கள்

வெம்பக்கோட்டை அணைக்குத் தண்ணீர் வருவதே மழையை நம்பித்தான். கோடையில் ஆசைதீரக் குளிக்க வேண்டுமென்றால் மேற்கே ராஜபாளையம் தாண்டி, அய்யனார் கோயில் ஆற்றுக்குத்தான் வண்டி கட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வெம்பக்கோட்டைப் பட்டாசு ஆலைகளுக்கு லீவு. புளியோதரையும் பிள்ளைகளுமாக வேன் கிளம்பிவிடும். ராஜபாளையம் நகரத்துக்கு இந்த ஆற்றிலிருந்தும் குடிதண்ணீர் போகிறது என்பதால், சோப்பும் ஷாம்புவும் வீட்டோடு இருக்கட்டும்.

சாப்பாட்டுக்கும் வண்டிக்கும் போடுகிற திட்டத்தை நேரத்துக்கும் போட வேண்டும். ஏப்ரல், மே வெயிலில் சூடேறிய காற்று மேலே கிளம்புகிறது. கடலிலிருந்து வரும் ஈரக்காற்றும் ஆற்றுக்கு மேலே உள்ள மலையில் மோதி உயர்கிறது. கிலோமீட்டருக்குச் சுமார் 6 டிகிரி வீதம் மேலே குளிர்ச்சி கூடுவதால் நீராவி துளியாகி, மதியத்துக்கு மேல் இடிமேகம் திரளும். உச்சியில் கொட்டும் மழை செங்குத்துப் பாறையில் ஊறுவதில்லை. பத்துப் பதினைந்து ஓடைகள் வழியாக ஒரே ஆற்றில் வந்து விழுகிறது. கீழே குளிப்பவர் தலையில் ஒரு சொட்டு விழுந்திருக்காது, வெயில்கூட அடிக்கும். 2015இல் சதுரகிரி மலையில் பக்தர்களை வெள்ளம் அடித்துச் சென்றதும், 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவி வெள்ளத்தில் 17 வயது மாணவர் பலியானதும் அக்னி நட்சத்திர மாதமான மே மாதத்தில்தான்.

'முழங்கால் தண்ணிதானே' என்று நிற்கக் கூடாது. நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். காலடியில் பாசிப்பாறை வேறு.

தெளிந்த தண்ணீர் லேசாகக் கலங்கும். சருகும் சுள்ளியும் மிதந்து வரும். மேலே கற்கள் உருளும் சத்தம் கேட்கும். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் பக்கவாட்டில் மேடேற வேண்டும். ஆற்றின் போக்கிலேயே ஓடினால் வெள்ளம் முந்திக்கொள்ளும். எதிர்க்கரையில் கிடக்கும் செருப்பையும் செல்போனையும் மறந்துவிடுங்கள். இடி கேட்டதும் பட்டாசு மருந்து அறையை விட்டு வெளியே வரும் ஊர்க்காரர்களுக்கு இது புதிய பாடமல்ல.

தீபாவளி முடிந்து ஆலைகள் ஓய்வெடுக்கும் நாட்களிலும் குடும்பத்தோடு கிளம்புவார்கள். ஆனால் அதுதான் வடகிழக்குப் பருவமழை வலுக்கும் காலம். வெள்ளம் வந்தால் வனத்துறை வழியை அடைத்துவிடும், விசாரித்துவிட்டுப் போவது நல்லது. கோடையிலானால் காலையிலேயே போய், மதியச் சாப்பாட்டுக்கு முன் கரையேறிவிடலாம். புளியோதரையை வண்டி நிற்கும் இடத்தில் பிரிக்கலாம், குரங்குகள் விட்டால்.