கேம்பல் பே: நாய்க்கு வைக்கும் சோறும் ஆமை இடும் முட்டையும்

புது தில்லி: தெருநாய்களுக்கு எங்கே உணவளிப்பது என்ற சர்ச்சைக்கு உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 22-ம் தேதி விடை கூறியது. தெருவில் கண்ட இடத்தில் உணவிடக் கூடாது. வார்டுதோறும் அதற்கெனத் தனி இடம் ஒதுக்க வேண்டும் என்று நீதிபதி விக்ரம் நாத் தலைமையிலான மூன்று நீதிபதிகள் அமர்வு உத்தரவிட்டது. தில்லியை முன்வைத்து எழுந்த வழக்கு, அன்றே எல்லா மாநிலங்களுக்கும் யூனியன் பிரதேசங்களுக்குமாக விரிந்தது. அவற்றில் ஒன்றான அந்தமான் நிகோபாரின் தென்கோடியில், சென்னையைவிட சுமத்ராவுக்கு வெகு அருகில் இருக்கிறது கேம்பல் பே.

தலைநகரில் நாய்க்கடியைச் சுற்றியே விவாதம் நடந்தது. கேம்பல் பே அமைந்துள்ள பெரிய நிகோபார் தீவில் இதற்கு இன்னொரு முகம் உண்டு. ஊருக்குத் தெற்கே சுமார் 40 கி.மீ. தொலைவில் உள்ள கலாத்தியா விரிகுடாவின் மணற்கரைக்கு, உலகின் மிகப் பெரிய கடல் ஆமை முட்டையிட வருகிறது. முதுகில் வரிகள் ஓடுவதால் தமிழக மீனவர்கள் ஏழுவரி ஆமை என்று அழைக்கும் தோல்முதுகு ஆமை அது. கூடுகளைத் தோண்டி முட்டைகளைத் தின்பவற்றில் நாய்களும் முக்கியமானவை என்று ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர்.

இந்த நாய்கள் வனத்துக்கு உரியவை அல்ல, மனிதரோடு வந்தவை. 1969 முதல் முன்னாள் ராணுவத்தினரின் குடும்பங்கள் இத்தீவில் குடியமர்த்தப்பட்டன. பஞ்சாபியருடன் தமிழ்க் குடும்பங்களும் அவற்றில் இருந்தன. 2004 டிசம்பர் 26-ல் வந்த ஆழிப்பேரலை கடலோரக் குடியிருப்புகளை அழித்தது. தப்பிய மக்கள் கேம்பல் பே முகாம்களுக்கு வந்து சேர்ந்தனர். நாய்களுக்கு ஏது முகாம்?

பசித்த நாய்தான் கரைக்குப் போகும் என்பது பாதி உண்மையே. வயிறு நிறைந்த நாயும் அவிழ்த்துவிட்டால் மணலைக் கிளறும். கரையில் கொட்டப்படும் மீன் கழிவும் எச்சில் சோறும் அவற்றின் எண்ணிக்கையைப் பெருக்கும். ஆகவே வீட்டிலேயே, வேளை தவறாமல், தட்டில் வைத்து உணவளித்து, இரவில் கட்டிவைப்பதே நாய்க்கும் ஆமைக்கும் நல்லது.

தட்டில் என்ன வைப்பது என்பதிலும் கவனம் வேண்டும். மிஞ்சிய குழம்பைச் சோற்றில் பிசைந்து வைப்பது நம்மவர் வழக்கம். குழம்பில் உள்ள வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக் கூடியவை. வெந்த கோழி எலும்பு கூரிய சிம்புகளாக உடைந்து தொண்டையையும் குடலையும் கிழிக்கும். திராட்சை சிறுநீரகத்தைப் பாதிக்கும், சாக்லேட்டும் நஞ்சு. மீன் மலிந்த ஊர் என்பதற்காகப் பச்சை மீனையே நாள்தோறும் போடுவதும் தவறு. சில வகை மீன்கள் வைட்டமின் பி1 சத்தை அழித்துவிடும். முள் நீக்கி வேகவைத்த மீன், சோறு, முட்டை ஆகியவற்றுடன் சிறிது காய் சேர்த்துக் கொடுக்கலாம். நீண்ட நாளைக்கு இது மட்டும் போதுமா என்பதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டறிவது நலம். தேங்காய் சிறிதளவு போதும். கொழுப்பு மிகுந்தால் வயிறு கெடும்.

வளர்ந்த நாய்க்குப் பற்கள் 42. குழைந்த சோற்றையே தின்னும் நாயின் பற்களில் படியும் அழுக்கு, சில நாள்களிலேயே கல்லாக இறுகத் தொடங்கும். பிறகு ஈறு வீங்கும், வாய் நாறும், பல் ஆடும். மூன்று வயதுக்குள்ளேயே பெரும்பாலான நாய்களுக்கு ஈறு நோயின் அறிகுறி தென்படும். இறுகிய கல்லை முறையாக அகற்ற மயக்க மருந்து கொடுக்க வேண்டும். ஸ்ரீ விஜயபுரம் என்று 2024-ல் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரே 500 கி.மீ.க்கு அப்பால் இருக்கும் ஊரில், வருமுன் காப்பதே வழி. மெல்லிய பிரஷ்ஷால் தினமும் துலக்கலாம். மனிதர் பற்பசை கூடாது. நாய் அதை விழுங்கிவிடும், சைலிட்டால் இனிப்பு கலந்திருந்தால் உயிருக்கே ஆபத்து. மெல்லக் கொடுக்கும் பொருளில் கட்டைவிரல் நகம் பதியாவிட்டால் அது பல்லை உடைக்கும் என்பார்கள் மருத்துவர்கள். தேங்காய் ஓடு அந்த ரகம்.

இன்று சில ஆயிரம் பேர் வாழும் தீவு இது. 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற துறைமுக, நகரியத் திட்டத்தின் ஆவணங்கள், காலப்போக்கில் சுமார் 3.5 லட்சம் பேர் குடியேறுவார்கள் என்கின்றன. துறைமுகம் அமையவிருப்பதும் கலாத்தியா விரிகுடாவிலேயே. மக்கள் வந்தால் குப்பை வரும், நாயும் வரும்.

2023-ல் வெளியான விலங்குகள் இனக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, கருத்தடை செய்யப்பட்ட நாயைப் பிடித்த இடத்திலேயே திரும்ப விட வேண்டும். 2025 நவம்பர் 7-ல் உச்ச நீதிமன்றம் பள்ளி, மருத்துவமனை, விளையாட்டு வளாகம், பேருந்து நிலையம், ரயில் நிலையம் ஆகியவற்றில் பிடிபடும் நாய்களை அங்கே திரும்ப விடக் கூடாது என்றது. ஆமை முட்டையிடும் கடற்கரை அந்தப் பட்டியலில் இல்லை.