கோழியிடம் தோற்ற விசிறி

புதிய பொருள் ஒன்று உருவானதும் "எஃகைவிட வலிமையானது" என்றுதான் செய்தி வரும். பொறியாளர்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு: "இது எப்படி உடையும்?" அதற்கான விடை தாமதமாகக் கிடைத்ததால் பெரிய நிறுவனம் ஒன்று தடுமாறிய கதை உண்டு.

1968ல் பிரிட்டனின் ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனத்துக்கு லாக்ஹீட் டிரைஸ்டார் விமானத்தின் இயந்திரத்தைத் தயாரிக்கும் வாய்ப்பு கிடைத்தது. 'ஆர்பி211' எனும் அந்த இயந்திரத்தின் முன்பக்க விசிறி இறகுகளை உலோகத்துக்குப் பதிலாக 'ஹைஃபில்' எனும் கரிம இழைக் கலவையில் செய்யத் திட்டமிட்டார்கள். காரணம் எடை. ஒரு கன சென்டிமீட்டர் டைட்டானியம் ஏறக்குறைய 4.5 கிராம், கரிம இழைக் கலவையோ ஏறக்குறைய 1.6 கிராம்தான். எடை குறைந்தால் எரிபொருள் மிச்சமாகும்.

இழுத்துப் பார்க்கும் சோதனையில் கரிம இழை சளைக்காது. ஆனால், பறக்கும் விமானத்தின் இயந்திரத்துக்குள் பறவைகளும் புகுந்துவிடுவதுண்டு. அதனால், சுழலும் விசிறிமீது இறந்த கோழியைக் காற்றழுத்தத் துப்பாக்கியால் சுட்டுச் சோதிப்பார்கள். 1970ல் நடந்த அந்தச் சோதனையில் ஹைஃபில் இறகுகள் நொறுங்கின.

உலோகத்தில் அடி விழுந்தால் அது வளைந்து, நசுங்கி, மோதலின் ஆற்றலை உள்வாங்கிக்கொள்ளும். கரிம இழைக் கலவை அப்படி வளைந்துகொடுக்காது. இழை ஓடும் திசையில் அதற்கு வலிமை அதிகம். குறுக்கே அடி விழுந்தால் அடுக்குகள் பிரிந்துவிடும்.

நிறுவனம் டைட்டானிய இறகுகளுக்கு மாறியது. ஏற்கெனவே கைமீறியிருந்த செலவு மேலும் கூடியது. 1971 பிப்ரவரியில் ரோல்ஸ்-ராய்ஸ் நொடித்துப்போக, பிரிட்டிஷ் அரசாங்கம் அதை ஏற்று நடத்தியது.

அதன்பின் இதே சிக்கலுக்கு இரண்டு தீர்வுகள் பிறந்தன. ரோல்ஸ்-ராய்ஸ், டைட்டானிய இறகின் உட்பகுதியைக் கூடாக்கி எடையைக் குறைத்தது. 2012ல் திறக்கப்பட்ட அதன் சிலேத்தார் வளாகத்தில், இங்கே சிங்கப்பூரிலேயே, அத்தகைய இறகுகள் தயாராகின.

ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனமோ கரிம இழையையே திருத்தி எடுத்தது. 1995ல் சேவைக்கு வந்த அதன் 'ஜிஇ90' இயந்திரத்தில், எளிதில் விரிசல் விடாத பிசினால் இழைகள் பிணைக்கப்பட்டன. அடியை முதலில் வாங்கும் முன்விளிம்புக்கு டைட்டானியக் கவசம் பொருத்தப்பட்டது.

ஹைஃபில் தோற்றது, கரிம இழை மோசமான பொருள் என்பதால் அல்ல. அது வேலை செய்யும் இடத்தில் எந்த அடி, எந்தத் திசையிலிருந்து விழும் என்பதற்கு ஏற்றபடி அது வடிவமைக்கப்படவில்லை. ஆய்வுக்கூடத்தில் ஒரு மாதிரியை இழுத்து உடைக்கும் மாணவர்கள், உச்ச வலிமை எண்ணைக் குறித்துக்கொள்வதோடு நின்றுவிடாமல், உடைந்த துண்டுகளையும் எடுத்துப் பார்க்கலாம். அடுத்த வடிவமைப்புக்கான குறிப்பு அங்கேதான் இருக்கும்.