மைய அடைவுப் புகுபதிகை முடக்கம் (லினக்ஸ்)

மைய அடைவுப் புகுபதிகை முடக்கம் என்பது, பயனர் விவரங்களை வலையமைப்பிலுள்ள அடைவு வழங்கியிடம் கேட்டறியும் லினக்ஸ் கணினியை, தன்னிடமுள்ள கணக்குகளை மட்டும் கொண்டு இயங்குமாறு மாற்றுவதாகும். 1993 இல் முதன்முதலாக வரையறுக்கப்பட்ட எல்டாப் நெறிமுறையும், மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ் டைரக்டரியும் இவ்வகை அடைவுகளில் பரவலாக அறியப்பட்டவை.

தேவை

கல்லூரி ஆய்வுக்கூடத்தில் எல்லாக் கணினிகளுக்கும் ஒரே கணக்கு இருப்பது வசதியே. ஆனால் அவற்றுள் ஒன்று திருவண்ணாமலைக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூர்ப் பள்ளிக்கு வழங்கப்படுமாயின், அங்கிருந்து அந்த வழங்கி எட்டாது. பழைய எல்டாப் நிரல்கூறுகள் வழங்கியை மீண்டும் மீண்டும் தேடுவதால் கணினி தொடங்கும்போதே உறைந்து நிற்கக்கூடும். இதனை வன்பொருட் பழுது எனக் கருதிவிடுவது எளிது.

செயற்பாடு

லினக்ஸில் 'இப்பயனர் யார்' என்ற கேள்விக்கு என்.எஸ்.எஸ். என்ற பகுதியும், 'கடவுச்சொல் சரியா' என்ற கேள்விக்குப் பாம் என்ற பகுதியும் விடையளிக்கின்றன. இரண்டிலும் அடைவை நீக்கவேண்டும். ஒன்றை மட்டும் நீக்கினால் வேலை அரைகுறையாகவே நிற்கும்.

டெபியனிலும், அதனை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸிலும், 'பாம்-ஆத்-அப்டேட்' கட்டளையில் எல்டாப் அல்லது எஸ்.எஸ்.எஸ். தெரிவை நீக்கலாம். பின்னர் 'என்.எஸ்.சுவிட்ச்' அமைவுக் கோப்பில் பயனர், குழு, கடவுச்சொல் வரிகளில் 'கோப்புகள்' என்பதற்குப் பின்வரும் அடைவுப் பெயரை அழிக்கவேண்டும். ரெட் ஹாட் வழங்கல்களில் முன்பு 'ஆத்கான்ஃபிக்' இருந்தது. 2019 இல் வெளியான எட்டாம் பதிப்பு முதல் 'ஆத்செலக்ட்' அவ்விடத்தைப் பெற்றது. ஆக்டிவ் டைரக்டரியில் 'ரெல்ம்' கட்டளை மூலம் இணைந்த கணினி, அதன் மூலமே விலகவேண்டும்.

முன்னெச்சரிக்கை

வரிசை இங்கு மிக முக்கியம். முதலில் நிருவாக உரிமையுள்ள உள்ளகக் கணக்கு ஒன்றை, அடைவில் இல்லாத பெயரில், உருவாக்கவேண்டும். நிருவாகக் குழுவே அடைவிலிருந்து வருவதும் உண்டு என்பதால், அவ்வுரிமை கணினியிலேயே பதிந்துள்ளதா எனப் பார்ப்பது நன்று. ரூட் முனையம் ஒன்றைத் திறந்தே வைத்துக்கொண்டு, வேறொரு முனையத்தில் புதிய கணக்கைச் சோதிக்கவேண்டும். இதைத் தவிர்ப்போர் தம் கணினிக்கு வெளியே தாமே நிற்க நேரிடும்.

முடக்கிய பின் பழைய கோப்புகளின் உரிமையாளர் பெயருக்குப் பதில் வெறும் எண் தெரியும். கோப்புகள் அழியவில்லை, 'சௌன்' கட்டளையால் உரிமையை மாற்றலாம். வீட்டுக் கோப்புறை வலையமைப்பில் இருந்தால் முன்னரே படியெடுப்பது அவசியம்.

கணினியைக் கைமாற்றுவோர் பெரும்பாலும் மறப்பது தற்காலிகச் சேமிப்பை. எஸ்.எஸ்.எஸ்.டி. நிரல் பயனர்களின் கடவுச்சொற் சாரங்களை வன்தட்டில் வைத்திருக்கக்கூடும். வழங்கியோடு இணைவதற்கான கடவுச்சொல்லோ அமைவுக் கோப்பில் வெற்றுரையாகவே இருக்கலாம். அந்நிரலை நிறுத்தி இவ்விரண்டையும் அழித்து, இணைப்புக் கடவுச்சொல்லை வழங்கியிலும் மாற்றவேண்டும்.