3.6 விநாடிக்கு ஒரு சுற்று

குலசேகரன்பட்டினம் தசராக் கூட்டத்தில், காளி வேஷக்காரர்களையும் மேளச் சத்தத்தையும் தாண்டிக் குடை ராட்டினம் பக்கம் ஒதுங்கும் பிள்ளைகளுக்கு ஒரு விஷயம் யாரும் சொல்லாமலே தெரியும்: வெளி வரிசைக் குதிரைக்குத்தான் போட்டி. இரண்டு வரிசையும் ஒரே நேரத்தில்தான் ஒரு சுற்றை முடிக்கின்றன. ஆனால் வெளியே உட்கார்ந்தவன் அதிக தூரம் போகிறான்; காற்று அவன் முகத்தில்தான் அடிக்கிறது.

பழைய ஜாஸ் இசைத்தட்டுகளைத் தேடிச் சேர்க்கிறவர்களையும் இந்த ராட்டினக் கணக்கு விடுவதில்லை.

12 அங்குல எல்.பி. தட்டு நிமிடத்துக்கு 33⅓ முறை சுற்றுகிறது. விளிம்பில் முள்ளுக்கு அடியில் விநாடிக்குச் சுமார் 51 செ.மீ. தடம் ஓடும். லேபிளை நெருங்கும்போது அது 21 செ.மீ. ஆகிவிடுகிறது. விநாடிக்கு 10,000 முறை அதிரும் ஒலியின் ஓர் அலைக்கு வெளியே 0.05 மி.மீ. இடம் கிடைக்கிறது, உள்ளே 0.02 மி.மீ.தான். அந்த நெருக்கடியில் முள் திணறுகிறது. கடைசிப் பாட்டில் சிம்பல் ஒலி கலங்கிக் கேட்டால் வாசித்தவர் மேல் குற்றமில்லை. சி.டி.யைவிட எல்.பி.தான் துல்லியம் என்று ரசிகர்கள் சத்தியம் செய்வார்கள். அளவெடுத்துப் பார்த்தால் அப்படி இல்லை. அவர்கள் ரசிப்பது துல்லியத்தை அல்ல, வேறு எதையோ, ரசிக்கட்டும்.

எல்.பி. வந்தது 1948இல். அதற்கு முன்பு நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் தட்டுகள்தான். ஜாஸ் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங் 1927 மே மாதம் சிகாகோவில் தன் 'ஹாட் செவன்' குழுவோடு 'மெலன்கலி ப்ளூஸ்' பதிவுசெய்தபோது, 10 அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடம் சொச்சம்தான் இடம். சொல்ல வேண்டியதை அதற்குள் ஊதி முடிக்க வேண்டும். அந்தக் காலத்துத் தட்டு பிளாஸ்டிக் அல்ல, அரக்கு. புரசு போன்ற மரக்கிளைகளில் அரக்குப் பூச்சி சுரக்கும் பிசினை உருக்கி, கல்பொடியும் கரியும் சேர்த்து அழுத்திய வில்லை அது. உலகச் சந்தைக்குப் போன அரக்கில் பெரும்பகுதி சோட்டா நாக்பூர் காடுகளும் அவற்றைச் சுற்றியுள்ள பகுதிகளும் தந்தது. அமெரிக்கக் கறுப்பினக் கலைஞரின் மூச்சைச் சுமந்தது நம் நாட்டுப் பூச்சி என்றால் பெரிய மிகையில்லை. பழைய ரிக்கார்டில் கேட்கும் கரகரப்பில் அந்தக் கல்பொடிக்கும் பங்கு உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல், அமெரிக்க அரசு அரக்குக்குக் கடும் கட்டுப்பாடு விதித்தது. புதுத் தட்டு செய்யப் பழைய தட்டுகளை வாங்கி அரைத்தார்கள். எத்தனை அபூர்வப் பதிவுகள் அப்படி மாவாகிப் போயினவோ!

பிறகு வினைல் வந்தது. இரைச்சல் குறைந்தது, ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் இடம் கிடைத்தது. ஒன்பது நிமிடத்துக்கு மேல் ஓடும் 'ஸோ வாட்' போன்ற உருப்படி அதன் பிறகுதான் ஒரே மூச்சில் தட்டில் ஏற முடிந்தது. மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' ஆல்பத்தில் முதல் உருப்படி அது. அந்த ஆல்பம் நியூயார்க்கில் 1959 மார்ச் 2, ஏப்ரல் 22 ஆகிய இரு நாட்களில் பதிவானது.

முதல் நாள் ஒரு கோளாறு. மூல நாடா ஓடிய இயந்திரம் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாகப் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் பாட்டு விரையும், சுருதி ஏறும். முதல் பக்கத்தின் மூன்று உருப்படிகளும் அப்படியே அச்சாயின. கூடவே வாசித்துப் பழகிய எத்தனையோ பேர் தங்கள் வாத்தியத்தின் மேல் சந்தேகப்பட்டிருப்பார்கள். 1990களில்தான் திருத்திய பதிப்பு வந்தது. ஆனாலும் ஏறிய சுருதியிலேயே காது ஊறிப்போனவர்களுக்குத் திருத்தியதுதான் தப்பாகக் கேட்கும். தட்டில் பதிந்திருப்பது வளைவு நெளிவுகள் மட்டுமே. எந்த வேகத்தில் சுற்ற வேண்டும் என்பது அந்த வளைவுகளில் இல்லை.

குலசை எனும் குலசேகரன்பட்டினம் போன்ற கடற்கரை ஊரில் தட்டைக் காப்பாற்றுவதே தனி வேலை. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் காகித உறையில் பூஞ்சணம் பூக்கும். உப்புக்காற்று பிளேயரின் உலோகப் பாகங்களைத் தின்னும். ஆடிக் காற்றில் தேரிக்காட்டிலிருந்து பறந்து வரும் செம்மணல் வினைலைவிடக் கடினமானது. அதைத் துணியால் அழுத்தித் துடைத்தால் கீறல் விழுந்த ரிக்கார்டு தயார். மதிய வெயிலில் பூட்டிய காருக்குள் விட்ட தட்டு அப்பளமாக நெளியும்.

இதே ஊரில்தான் 2024 பிப்ரவரி 28 அன்று இஸ்ரோவின் புதிய ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். இலங்கையைச் சுற்றி வளைக்காமல் ராக்கெட்டை நேரே தெற்கே விடலாம் என்பது குலசையின் அனுகூலம். ராக்கெட்டில் ஏறிப் போன இசைத்தட்டும் உண்டு. 1977இல் நாசா ஏவிய வாயேஜர் கலங்கள் இரண்டிலும் பொன்முலாம் பூசிய 12 அங்குலச் செம்புத் தட்டு இருக்கிறது. அதில் இசையமைப்பாளர் பாக் இருக்கிறார், பாடகி கேசர்பாய் கேர்க்கரின் பைரவி இருக்கிறது, ஆம்ஸ்ட்ராங்கின் அதே 'மெலன்கலி ப்ளூஸ்' இருக்கிறது. 55 மொழிகளில் வாழ்த்தும் உண்டு. தெலுங்கு, கன்னடம், சிங்களம் எல்லாம் போயிருக்கின்றன, தமிழைத்தான் காணோம்.

அதைத் தயாரித்தவர்கள் வேகத்தை மறக்கவில்லை. நிறைய இசை அடங்குவதற்காக எல்.பி.யில் பாதி வேகம், நிமிடத்துக்கு 16⅔ சுற்று. அதாவது 3.6 விநாடிக்கு ஒரு சுற்று. வேற்றுலகத்தாருக்கு விநாடி என்றால் என்ன புரியும்? அதனால் ஹைட்ரஜன் அணுவின் நிலைமாற்றத்தோடு சேர்ந்த கால அளவை அலகாக எடுத்தார்கள். அது விநாடியின் நூறு கோடியில் சுமார் 0.7 பங்கு. அந்தக் கணக்கில் சுற்றின் நேரத்தைத் தட்டின் மேலுறையில் கோடுகளாகப் பொறித்திருக்கிறார்கள். முள்ளும் கார்ட்ரிட்ஜும் கூடவே போயிருக்கின்றன. தட்டைச் சுற்றவைக்கும் கருவியை மட்டும் கேட்கிறவர்கள்தான் செய்துகொள்ள வேண்டும்.