கிழட்டு ரிவால்வரின் மதிப்பு

உள்ளங்கையில் அடங்கிவிடும், ஆனால் ஏழு தோட்டா கொள்ளும். அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸ் மாகாணத்து ஸ்பிரிங்பீல்டு நகரில் ஹோரஸ் ஸ்மித், டேனியல் வெஸ்ஸன் என்ற இருவர் கூட்டாகச் சேர்ந்து 1857-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'முதல் நம்பர்' ரிவால்வரைத்தான் சொல்லுகிறோம். அதற்கு முன் வழங்கிய ரிவால்வர்களில் மருந்தை வேறாகவும் குண்டை வேறாகவும் இட்டுக் கெட்டித்து, பின்னால் கேப்பு வைத்துச் சுட வேண்டும். இதிலோ குண்டு, மருந்து, பற்றவைக்கும் சரக்கு மூன்றும் ஒரே செப்புக் குப்பியில் அடங்கிய தோட்டாவை உருளையில் பின்புறமாகச் செருகினால் போதும். இன்றும் விற்பனையாகும் .22 ஷார்ட் தோட்டாவின் மூதாதை அதுவே. அந்த ஒற்றுமையில்தான் அபாயமும் ஒளிந்திருக்கிறது.

உருளைத் துளைகள் முன்னும் பின்னும் திறந்திருக்கும் இந்த ஏற்பாட்டுக்கு ராலின் ஒயிட் என்பவர் 1855-ல் பேடண்ட் பெற்றிருந்தார். துப்பாக்கி ஒன்றுக்கு 25 சென்ட் தருவதாகக் கம்பெனியார் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். திருட்டு நகல் செய்வோர்மீது வழக்காடும் பொறுப்பை மட்டும் சாமர்த்தியமாக அவர் தலையில் கட்டிவிட்டார்கள். பாவம், வந்த பணத்தில் பெரும் பகுதி கோர்ட்டிலேயே கரைந்தது! தோற்றுப்போன நகல்காரர் சிலர், தாங்கள் செய்து வைத்திருந்த துப்பாக்கிகளில் 'ஸ்மித் அண்டு வெஸ்ஸனுக்காகச் செய்தது' என்று பொறிக்க நேர்ந்தது. அந்தப் பொறிப்புள்ள துப்பாக்கி கிடைத்தால் நகல்தானே என்று அலட்சியம் செய்ய வேண்டாம். சேகரிப்போர் அதைத் தேடி வாங்குகிறார்கள்.

முதல் நம்பரில் மூன்று பதிப்புகள் உண்டு. 1860 வரை செய்த முதற்பதிப்பு சுமார் 11,600 தான். ஆகையால் அதற்கே கிராக்கி அதிகம். உள்நாட்டு யுத்த காலத்தில் சிப்பாய்கள் சொந்தக் காசில் வாங்கிய இரண்டாம் பதிப்பு லட்சத்துக்கு மேல் வெளிவந்தது. 1868-ல் தொடங்கிய மூன்றாவது அதையும் மிஞ்சியது. முதல் இரண்டிலும் சட்டம் பித்தளை, குழல் எண்கோணம், உருளை வழவழப்பு. மூன்றாவதில் சட்டம் இரும்பு, குழல் உருண்டை, உருளையில் வரிப்பள்ளங்கள், பிடியோ பறவையின் தலைபோல் வளைந்திருக்கும்.

பதிப்பு தெரிந்த பின் பார்க்க வேண்டியது, ஆதியில் பூசிய பூச்சு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பது. பித்தளைமேல் வெள்ளி முலாம், குழலின்மேல் நீலம், ரோஸ்வுட் பிடியின்மேல் வார்னிஷ் ஆகியவை மங்கியிருந்தாலும் பாதகமில்லை. புளியும் சாம்பலும் போட்டுக் குத்துவிளக்கைத் துலக்குவதுபோல் துலக்கிவிட்டால், ஐந்து நிமிஷத்தில் மதிப்பில் பாதி போய்விடும். புது நிக்கல் முலாம் பூசினாலும் அதே கதிதான். குழல், உருளை, சட்டம் மூன்றிலும் உள்ள சேர்ப்புக் குறிகள் ஒத்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒவ்வாவிட்டால் பல துப்பாக்கிகளின் பாகங்களைக் கோத்தது என்று அர்த்தம். குட்டாபெர்ச்சா பிசினில் வார்த்த பழைய பெட்டியும் உடனிருந்தால் அது துப்பாக்கிக்குச் சமமான பொக்கிஷம்.

இதைச் சுடலாமா? சுடாமல் இருப்பதே மேல் என்பது நம் அபிப்பிராயம். அந்நாளைய தோட்டாவில் இருந்தது 4 கிரெயின் கருமருந்து. அது 29 கிரெயின் குண்டைத் தள்ளியது. அந்தச் சிறு வேகத்துக்கே செப்புக் குப்பியின் அடி பிதுங்கி உருளையைச் சுழலவொட்டாமல் தடுத்தது. அதற்காகவே முதற்பதிப்பில் உருளையோடு தானும் சுழலும் தட்டு ஒன்றை வைத்தார்கள். புகையில்லா மருந்தைப் பிரான்ஸில் வியெய் என்பவர் கண்டுபிடித்ததோ 1884-ல். அதற்குள் இந்த ரிவால்வரின் உற்பத்தியே நின்றுவிட்டது. இன்றைய தோட்டா பழைய துளையில் அழகாகப் பொருந்தும். ஆனால் அதன் அழுத்தத்தைத் தாங்கப் பழைய இரும்பு பிறக்கவில்லை. 'மெதுவான தோட்டா' என்று டப்பாவில் எழுதியிருந்தாலும் நம்பலாகாது.

அப்படியும் சுடத்தான் வேண்டுமென்றால், பழைய ஆயுதங்களில் கைதேர்ந்த துப்பாக்கிக் கம்மியரிடம் முதலில் காட்ட வேண்டும். குதிரையை ஏற்றியதும் துளை குழலுக்கு நேரே வந்து ஆடாமல் நிற்கிறதா, மேல்நோக்கி மடியும் குழலின் கீலும் தாழும் தளர்ந்திருக்கின்றனவா என்று அவர் சோதிப்பார். கருமருந்து அடைத்த தோட்டாவைத் தவிர வேறு எதுவும் கூடாது. கண்ணாடி அணிய வேண்டும்; உருளைக்கும் குழலுக்கும் இடையே ஈயத் துணுக்குகள் தெறிக்குமாதலால் பக்கத்தில் ஒருவரும் நிற்கலாகாது. காலித் துளையில் குதிரையைத் தட்டி விளையாடினால் துளையின் விளிம்பு நசுங்கும். சுட்டபின் கருமருந்துக் கசடு ஈரத்தை உறிஞ்சித் துருவை வரவழைக்கும். ஆகவே அன்றே பிடியைக் கழற்றி, வெந்நீரில் கழுவி, நன்றாக உலர்த்தி, எண்ணெய் பூச வேண்டும்.

அமெரிக்காவில் 1898 வரை செய்த துப்பாக்கிகளை 1968-ஆம் வருஷச் சட்டம் புராதனப் பொருளாகக் கருதுகிறது. நம் தேசத்தின் கதை வேறு. லிட்டன் பிரபு 1878-ல் கொண்டுவந்த ஆயுதச் சட்டம் ஜனங்களை நிராயுதபாணிகளாக்கிற்று. 1931-ல் கராச்சிக் காங்கிரஸ், விதிகளுக்குட்பட்டு ஆயுதம் வைத்திருப்பதையும் அடிப்படை உரிமைகளில் சேர்த்தது. சுதந்திர இந்தியாவின் 1959-ஆம் வருஷச் சட்டம், ரிப்பேர் செய்தாலும் சுட முடியாத பழைய ஆயுதத்துக்கு மட்டுமே விலக்கு அளிக்கிறது. பாட்டனார் பெட்டியில் ஒரு ரிவால்வர் அகப்பட்டால், அது அந்த விலக்கில் சேருமா என்பதை நாமாகத் தீர்மானித்துக்கொள்ளாமல், லைசென்ஸ் வழங்கும் அதிகாரிக்கு எழுதிக் கேட்பதே முதல் வேலை.