பழுதான தொலைக்காட்சியும் பலர் கூடித் தொடுத்த வழக்கும்

மாலை வேளையில் வீட்டாரெல்லாம் கூடியிருக்க, ஒருவர் தொலைக்காட்சிப் பெட்டியின் ஆளியை அழுத்துகின்றார். படம் வரவில்லை. பெட்டிக்குள்ளிருந்து 'டிக்' என்றோர் ஓசை எழுகின்றது. சற்றுப் பொறுத்து மறுபடியும் 'டிக்'. ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என அவ்வோசை தொடர்ந்த பின்னர் ஒருவாறு படம் தோன்றுகின்றது. சில கிழமைகள் செல்ல, ஓசை மட்டுமே எஞ்சுகின்றது. கடைச் சீட்டைத் தேடியெடுத்துப் பார்த்தால், உத்தரவாதக் காலம் முடிந்து சில மாதங்களே ஆகியிருக்கின்றன.

2006-ஆம் ஆண்டினை அடுத்த சில ஆண்டுகளிற் சாம்சங் நிறுவனத்தின் தட்டைத் தொலைக்காட்சிகளை வாங்கிய அமெரிக்கக் குடும்பங்கள் பலவற்றுக்கு நேர்ந்த அனுபவம் இது. தமது பெட்டிக்கு மட்டுமே வந்த கேடு என்றுதான் ஒவ்வொரு வீட்டாரும் முதலில் எண்ணினர். பழுதுபார்ப்போரிடமும் மற்றையோரிடமும் பேசிய பின்னரே, ஓசையும் ஒன்று, பழுதும் ஒன்று என்பது தெரியவந்தது. அப்பொழுது எழுந்தது ஒரு வினா: வழக்குத் தொடுக்கலாமா? தொடுப்பதாயின், யார் தொடுப்பது?

பழுது எங்கிருந்தது என்பதை முதலிற் பார்ப்போம். உயர்தர வகுப்பிற் பௌதிகம் பயிலும் மாணவர் கொள்ளளவியை நன்கறிவர். மின்னேற்றத்தைத் தேக்கி வைத்து, வேண்டுமிடத்து வெளிவிடுவது அது. தொலைக்காட்சியின் மின்வழங்கிப் பலகையில் இருப்பவற்றுட் பல, திரவத்தில் தோய்ந்த தாளை அலுமினியத் தகடுகளுக்கிடையே வைத்துச் சுருட்டிச் சிறு குப்பிக்குள் அடைத்தவை. வெப்பம் மிகுந்தால் அத்திரவம் வற்றும். வெப்பநிலை பத்துச் சதமபாகை உயருந்தோறும் கொள்ளளவியின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது பொறியியலாளர் கைக்கொள்ளும் கணக்கு. தாங்கக்கூடிய மின்னழுத்தத்தின் எல்லையை ஒட்டி அதனை வேலை வாங்கினாலும் விரைவிற் கெடும். உள்ளே வாயு உண்டாக, தட்டையாயிருந்த அதன் தலை வீங்கி மேடாகும். சாம்சங் பெட்டிகளிற் கெட்டவை இத்தகைய கொள்ளளவிகளே. நாலைந்தைக் கழற்றிப் புதியன ஒட்டினால், எறியவிருந்த பெட்டி உயிர்பெற்றது. கைத்தேர்ச்சி உடைய சிலர் தாமே ஒட்டியும் கொண்டனர். (இணைப்பை நீக்கிய பின்னரும் மின்வழங்கியில் ஆபத்தான மின்னேற்றம் தங்கியிருக்கும். மாணவர் இதனை வீட்டிற் பரீட்சித்துப் பார்க்க வேண்டா.)

பொருளின் விலை சில சதங்கள். பழுதுபார்ப்போரின் கூலியோ அதனைப் பன்மடங்கு மீறியது. அக்கூலிக்காக வழக்காடினால், சட்டத்தரணிக்குக் கொடுப்பது அதனினும் பெரிதாகும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்காற் பணம் என்று நம் முன்னோர் சொன்னது இதற்கு மிகப் பொருந்தும். ஆகவே தனியொருவர் வழக்குத் தொடுப்பதில்லை. அவர் தொடுக்க மாட்டார் என்பது விற்றவர்க்கும் தெரியும். ஓர் இலட்சம் வீடுகளில் ஆளுக்கு நூறு டொலர் நட்டமாயின், ஒரு வீட்டுக்கு அது முணுமுணுப்போடு போய்விடும். விற்றவரின் கணக்கில் அதுவே ஒரு கோடி டொலர்.

இந்த இடைவெளியை அடைக்க எழுந்ததே கூட்டு வழக்கு. அமெரிக்கச் சமஷ்டி நீதிமன்றங்களின் குடியியல் நடைமுறை விதிகளுள் 23-ஆவது விதி 1966-இல் திருத்தப்பட்டபோது, இவ்வழக்கு இன்றைய வடிவத்தைப் பெற்றது. பாதிக்கப்பட்டோர் பெருந்தொகையினராய் இருத்தல் வேண்டும். அவர்களுக்குப் பொதுவான வினா இருத்தல் வேண்டும். முன்னிற்பவரின் குறை ஏனையோர் குறையை ஒத்திருப்பதோடு, அவர் எல்லோருக்குமாக நேர்மையாய் வாதாடக் கூடியவராயும் இருத்தல் வேண்டும். நட்டஈடு கோரும் இத்தகைய வழக்கை ஏற்றபின், நீதிமன்றம் ஏனையோருக்கு அறிவித்தல் கொடுக்கும். 'நான் இதிற் சேரேன்' என்று விலகாதவர் யாவரும் உள்ளே இருப்பவராகவே கொள்ளப்படுவர். தீர்ப்பு அவர்களையும் கட்டும். வாளாவிருந்தவர் பின்னொருநாள் அதே குறையைச் சொல்லித் தனிவழக்குக்கு வர இயலாது. அறிவித்தற் கடிதத்தை வாசியாது குப்பையில் இடுவோர் அங்கும் மிகப் பலர்!

2004-இல் நீதியரசர் றிச்சட் போஸ்னர் தமது தீர்ப்பொன்றில் இதனை ஒளிவுமறைவின்றி விளக்கினார். ஒரு கோடியே எழுபது இலட்சம் பேருக்கான கூட்டு வழக்கை மறுத்தால், அத்தனை தனிவழக்குகள் வரப்போவதில்லை, ஒன்றுமே வராது. முப்பது டொலருக்காக நீதிமன்றம் ஏறுபவர் பித்தராகவோ வெறியராகவோதான் இருப்பார் என்பது அவர் கருத்து.

சாம்சங் விடயத்தில் ஒக்லஹோமா மாநிலத்து லோகன் கவுண்டி நீதிமன்றத்திலே கூட்டு வழக்கு நடந்தது. 2012-இல் இருதரப்பும் இணக்கத்துக்கு வந்தன. குறிப்பிட்ட மாதிரிகளுள் பழுதுற்றவற்றை இலவசமாகத் திருத்திக் கொடுத்தலும், முன்னரே காசு கொடுத்துத் திருத்தியோர்க்கு அச்செலவை மீளக் கொடுத்தலும் அதில் அடங்கின. 2006 முதல் 2008 வரை அமெரிக்காவில் விற்ற பெட்டிகளுள் நூற்றுக்கு ஒன்றளவே பாதிக்கப்பட்டதென்றும், 2010-இன் தொடக்கத்திலிருந்து தாமாகவே இலவசமாகத் திருத்தி வந்ததாகவும் நிறுவனம் கூறியது. அப்படியே இருக்கட்டும். 2010-க்கு முன்னர் தம் கைக்காசைச் செலவிட்டவர்க்கு அதனை மீட்டுக் கொடுத்தல் நியாயமே.

எல்லா வழக்கும் இவ்வாறு முடிந்ததில்லை. சோனி நிறுவனத்தின் 'கிராண்ட் வேகா' வகைப் பெரிய திரைத் தொலைக்காட்சிகளிற் சில, காலஞ்செல்ல மஞ்சளும் பச்சையுமான கறைகளைக் காட்டின. ஒளியமைப்புப் பகுதியிலேயே குறை என்றனர் வாங்கியோர். கலிபோர்ணியாவின் தென்பகுதிச் சமஷ்டி நீதிமன்றம் 2010-இல் அவர்கள் கோரிக்கையை ஏற்க மறுத்தது. உத்தரவாதம் தந்த ஓராண்டுக் காலம் பெட்டிகள் ஒழுங்காகவே ஓடியிருந்தன என்பது அங்கே பெரிதாக நின்றது. குறை முதல்நாளே உள்ளே இருந்தது என்று சொல்வது எளிது. அதனை விற்பவர் அறிந்திருந்தும் மறைத்தார் என்று நாட்டுவதே அரிது.

மற்றோர் இடையூறு ஒப்பந்தத் தாளின் சிறிய எழுத்தில் உள்ளது. கைத்தொலைபேசி இலவசம் என்ற விளம்பரத்தை நம்பிய கலிபோர்ணியத் தம்பதியர் ஒருவரிடம் 30.22 டொலர் விற்பனை வரி அறவிடப்பட்டது. அவர்கள் கூட்டாக வழக்காட முயன்றபோது, பிணக்குகளை நடுத்தீர்ப்புக்கே, அதுவும் தனித்தனியாகவே, கொண்டு செல்ல வேண்டும் என்ற நிபந்தனையைக் கம்பனி எடுத்துக் காட்டியது. 2011-இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கிற் கம்பனியின் பக்கம் தீர்ப்பளித்தது. அதன்பின் இத்தகைய நிபந்தனை கூட்டு வழக்கின் கதவை அடைக்கும் தாழ்ப்பாளாகிவிட்டது. நடுத்தீர்ப்பு மலிவானது, விரைவானது என்று வாதிடுவோர் உளர். ஆயினும் முப்பது டொலருக்காகத் தனியே நடுத்தீர்ப்புக்குப் போகிறவரையும் நான் கண்டிலேன்.

இங்கே நமக்கு இது இயலுமா என்று வாசகர் கேட்பர். 1889-ஆம் ஆண்டின் நமது குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 16-ஆம் பிரிவு, ஒரே நலனுடைய பலருக்காக ஒருவரோ சிலரோ நீதிமன்ற அனுமதியுடன் வழக்காட இடந்தருகின்றது. ஆங்கிலேய நீதிமுறையின் வழியே வந்த வாயில் இது. ஆனால் 'ஒரே நலன்' என்ற சொல்லை இங்கிலாந்து நீதிபதிகள் குறுக்கிப் பொருள்கொண்டனர். உருசிய-யப்பான் யுத்தத்தின்போது 1904-இல் உருசியக் கப்பல்கள் ஓர் ஆங்கிலச் சரக்குக் கப்பலை மூழ்கடித்தன. பொருளை இழந்த வணிகர் ஒன்றாக வழக்காட முயல, ஒவ்வொருவர் ஒப்பந்தமும் தனித்தனியானது என்று 1910-இல் அதனைத் தடுத்தனர். கடையிலே தனித்தனிச் சீட்டுடன் வாங்கிய தொலைக்காட்சிகளுக்கும் இதே தடையைச் சொல்லலாம். தோற்றவர் வென்றவரின் செலவையும் கொடுக்கும் வழக்கம் வேறு இங்குண்டு. அமெரிக்காவிலோ, பொதுவில், அவரவர் செலவு அவரவர்க்கே. வென்றால் மட்டும் கூலி என்று சட்டத்தரணிகள் அங்கே முன்வருவதும் அந்நாட்டிற் கூட்டு வழக்குத் தழைத்ததற்கு ஒரு காரணம்.

வழக்குக்குப் புறம்பாகப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையிடம் முறையிடும் வழியை 2003-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கச் சட்டம் வகுத்தது. வழக்கைக் காட்டிலும் செலவு குறைந்த வழி. ஆனால் உத்தரவாதத்துக்கு ஒவ்வாத பொருளைப் பற்றிய முறைப்பாட்டை, விற்பனை நடந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்திற் கொடுத்தல் வேண்டும் என்று அதன் 13-ஆம் பிரிவு விதித்தது. கொள்ளளவியின் தலை வீங்குவதற்கோ ஓராண்டும் இரண்டாண்டும் செல்லும்.