லண்டனில் மாம்பழம் வராத கோடை

ஏப்ரல் பிறந்தால் லண்டனின் இந்தியக் கடைகளுக்கு மாம்பழக் காலம். சவுத்தால், வெம்பிளி, டூட்டிங், ஈஸ்ட் ஹாம் கடைவாசல்களில் அல்போன்சா பெட்டிகள் அடுக்கடுக்காக ஏறும். பிரிட்டன் ஆண்டுக்குச் சுமார் 1 கோடியே 60 லட்சம் இந்திய மாம்பழங்களை வாங்கிவந்தது. 2014 மே 1ஆம் தேதி அந்த வரத்து நின்றுபோனது. இந்திய மாம்பழத்துக்கும், கத்தரிக்காய், பாகற்காய், புடலங்காய், சேம்பு இலை ஆகியவற்றுக்கும் ஐரோப்பிய ஒன்றியம் 2015 டிசம்பர் வரை தடை விதித்தது. பிரிட்டன் அப்போது ஒன்றியத்தில் இருந்ததால் லண்டனுக்கும் அதே சட்டம்தான். லெஸ்டர் எம்.பி. கீத் வாஸ் தடையை எதிர்த்துக் குரல் கொடுத்தார். பேச்செல்லாம் மாம்பழத்தைப் பற்றியே இருந்தது. ஆனால், தமிழர் வீடுகளில் வாரம் தவறாமல் சமைக்கும் காய்களும் அந்தப் பட்டியலில் இருந்தன.

தடைக்குக் காரணம், 2013இல் இந்தியாவிலிருந்து ஐரோப்பா சென்ற காய்கனிச் சரக்குகளில் 207 தொகுப்புகள் பழ ஈ உள்ளிட்ட பூச்சிகளோடு பிடிபட்டது. அந்தப் பழத்தைத் தின்றால் மனிதருக்கு நோய் வரும் என்று யாரும் சொல்லவில்லை. பூச்சி அங்குள்ள பயிர்களில் குடியேறிவிடும் என்பதே அச்சம்.

தோலுக்கடியில் ஒரு குடும்பம்

பாக்ட்ரோசெரா டார்சாலிஸ் என்ற பழ ஈ நம் மாந்தோப்புகளுக்குப் பழைய எதிரி. முற்றிவரும் காயின் தோலை ஊசி போன்ற உறுப்பால் துளைத்து, பெண் ஈ உள்ளே முட்டையிடும். ஓரிரு நாளில் புழு வெளிவந்து சதையைத் தின்னும். வளர்ந்ததும் மண்ணில் விழுந்து கூட்டுப்புழுவாகும். ஒரு பெண் ஈ தன் வாழ்நாளில் ஆயிரத்துக்கும் மேல் முட்டையிட வல்லது. புதிதாகக் குத்திய பழத்தைப் பார்வையால் பிரித்தெடுப்பது கடினம். அதனால்தான் நல்ல பழம் என்று நம்பி அடைத்த பெட்டியிலும் புழு பயணம் போகிறது. 2003இல் கென்யாவில் கண்டறியப்பட்ட இந்த ஈ, சில ஆண்டுகளிலேயே சகாராவுக்குத் தெற்கே பெரும்பாலான நாடுகளுக்குப் பரவிவிட்டது.

லண்டன் குளிரில் பழ ஈ தாங்குமா என்ற கேள்வி நியாயமானது. திறந்த வெளியில் அதற்கு அங்கே வாழ்வு கடினம். ஆனால், ஒன்றியத்தின் எல்லைக்குள் வந்த பழம் அப்போது லண்டனிலிருந்து ஸ்பெயின், இத்தாலித் தோட்டங்கள் வரை தடையின்றிப் போக முடிந்தது. பிரிட்டனிலும் தக்காளியும் வெள்ளரியும் வெப்பமான கண்ணாடிக் கூடங்களில் விளைகின்றன. அவற்றின் மதிப்பு ஆண்டுக்கு 32.1 கோடி பவுண்டு என்று அந்நாட்டு அரசு சுட்டிக்காட்டியது. கத்தரி, பாகல் போன்ற காய்களோடு வரக்கூடிய திரிப்ஸ் பாமி எனும் இலைப்பேன், 2000இல் தென் இங்கிலாந்தின் சாமந்திக் கண்ணாடிக் கூடம் ஒன்றில் புகுந்தது. அதை ஒழித்துக்கட்ட ஓர் ஆண்டுக்கு மேல் ஆனது.

வெந்நீர் தந்த விடுதலை

பழத்துக்குள் ஒளிந்த புழுவை, பழம் கெடாமல் கொல்வது எப்படி? 48 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் 60 நிமிடம் மாம்பழத்தை மூழ்கவைப்பது ஒரு வழி. சூடு தோலிலிருந்து சதைக்கு மெல்ல இறங்கும். அந்த வெப்பத்தில் முட்டையின், புழுவின் புரதங்கள் சிதைந்து அவை சாகும், பழம் தாங்கிக்கொள்ளும். வெப்பம் சற்றே கூடினாலும் தோல் வெந்துவிடும். குறைந்தால் கொட்டையை ஒட்டிய புழு பிழைத்துவிடும். அதனால் பழத்தின் எடைக்கும் நீரின் வெப்பத்துக்கும் கண்டிப்பான கணக்கு உண்டு.

1986 முதல் இந்திய மாம்பழத்தை மறுத்துவந்த ஜப்பான், சூடான நீராவிக் காற்றால் பதப்படுத்தும் முறையை ஏற்று 2006இல் கதவைத் திறந்தது. அமெரிக்காவின் கவலை கொட்டைக்குள் வாழும் கூன்வண்டையும் பற்றியது. வெந்நீர் அங்கே எட்டாது. எனவே நாசிக் அருகே லாசல்காவில் 400 கிரே அளவு காமா கதிர் பாய்ச்சிய பழம் 2007இல் அமெரிக்கா சென்றது. ஐரோப்பாவுக்கான பழங்களையும் இந்தியா சான்றுபெற்ற சிப்பக்கூடங்களில் மட்டுமே அடைக்கத் தொடங்கியது. 2015 ஜனவரி 20 அன்று, குறித்த கெடுவுக்குப் பதினொரு மாதம் முன்பே, மாம்பழத் தடையை நீக்க ஒன்றியத்தின் நிபுணர் குழு ஒப்புதல் அளித்தது. காய்கறிகள் மேலும் காத்திருந்தன.

விவசாயி ஏன் சுமக்க வேண்டும்?

தடை விதிக்க முடிவெடுத்தது 2014 மார்ச் 26 அன்று. அப்போது மரங்களில் காய் திரண்டிருந்தது. சுத்தமாகப் பயிர்செய்தவரும் அலட்சியமாக அடைத்து அனுப்பியவரும் ஒரே தண்டனைக்கு ஆளானார்கள். இதைத் தவிர்க்கும் அறிவு நம்மிடமே இருந்தது. மெத்தில் யூஜினால் தோய்ந்த கட்டையைப் பொறியில் வைத்தால் ஆண் ஈக்கள் தேடிவந்து சிக்கும். இணை கிடைக்காமல் இனம் குறையும். உதிர்ந்த பழங்களைப் பொறுக்கி ஆழப் புதைத்தால் அடுத்த தலைமுறை ஈக்கள் வெளிவர முடியாது.

இறக்குமதி விதி அயல்நாட்டின் உரிமை. அறிவியல் அடிப்படை இருந்தால் உலக வணிக அமைப்பின் ஒப்பந்தமும் அதை ஏற்கிறது. அந்த விதியை நிறைவேற்றும் வசதியைப் பெரிய ஏற்றுமதியாளரோடு நிறுத்திவிடக் கூடாது. ஈப்பொறியும் வெந்நீர்த் தொட்டியும் பரிசோதகரும் கிருஷ்ணகிரியிலோ சேலத்திலோ ஐந்து ஏக்கர் வைத்திருக்கும் விவசாயிக்கும் எட்டும் தூரத்தில், கட்டுப்படியாகும் செலவில் கிடைக்க வேண்டும். இது அரசின் கடமை. லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் ஒரு புழு சிக்கிய பிறகு பேச்சுவார்த்தைக்கு ஓடுவதைவிட, பூ பூக்கும்போதே தோப்பில் பொறி கட்டுவது மலிவு.